கையெழுத்து முதலில், அப்டேட் பிறகு

ஹலோ... ஹலோ... ஆங், கேக்குது, சொல்லுங்க மச்சான்... இல்ல இல்ல, தூங்கல. ஞாயித்துக்கிழமை மத்தியானம்னா எல்லாரும் தூங்கணும்னு இருக்கா என்ன... ஸ்கேன் சென்டர்லதான் இருக்கேன். மேஜைக்கு அடியில. அதான் குரல் கிணத்துலேருந்து வர்ற மாதிரி இருக்கு... பிளக்கு லூசா இருந்துச்சு... இருங்க, வெளிய வந்துடறேன்... ஸ்ஸ்... ஒண்ணுமில்ல, தலைல இடிச்சிக்கிட்டேன்.

ம், சொல்லுங்க.

ஒரு நிமிஷம். இப்ப நீங்க மேனேஜராப் பேசறீங்களா, மச்சானாப் பேசறீங்களா?... அதுக்கில்ல, தெரிஞ்சா அதுக்குத் தகுந்த மாதிரி பேசலாம்ல... சரிங்க சார். சார்னே சொல்றேன்.

பதினாலு முடிஞ்சுது சார். இன்னும் எட்டு மிஷின் இருக்கு... ஏழு மணிக்கே வந்துட்டேன். வாட்ச்மேன்தான் திறந்து விட்டார்... பதினாலு மிஷினுக்கு ஆறு மணி நேரமான்னா நான் என்ன சார் சொல்றது. பட்டனை அமுக்கிட்டுப் போற வேலையா இது. பிரவுசரை மூடணும். புதுசை இறக்கணும். திரும்பத் திறக்கணும். அதுல நம்ம ரிப்போர்ட் பக்கம் ஒழுங்கா வருதான்னு பாக்கணும். யாரோட முதுகெலும்புப் படத்தையாவது ஒண்ணைத் திறந்து, பெருசாக்கி, சின்னதாக்கி, ஒரு பிரிண்ட் எடுத்து... ஆமா, ஒவ்வொரு மிஷின்லயும். எக்ஸ்ரே ரூம்ல இருக்கே, அது எழுந்து உக்காரவே பத்து நிமிஷம் எடுத்துக்குது. என்னை மாதிரிதான் அதுவும்.

சாப்பிட்டேன் சாப்பிட்டேன்... உங்க தங்கச்சி டப்பால போட்டுக் குடுத்துட்டா... ம்... இன்னும் தொடல. சாப்பிடறேன்.

...ஆமா... ஆமா சார். பெரிய டாக்டர் மருமகன் கேக்கறது நியாயந்தான். அவங்க ஆஸ்பத்திரில பிரவுசர் தானா அப்டேட் ஆயிக்குது, இங்க மட்டும் ஏன் ஒரு ஆளு ஸ்டூலைத் தூக்கிட்டு ரூம் ரூமா சுத்தறான்னு கேப்பார். கேக்கட்டும்... ஆறு வருஷம் முன்னாடி ஒரு திங்கக்கிழமை, ஞாபகம் இருக்கா சார்?... அதேதான். ராத்திரியோட ராத்திரியா எல்லா பிரவுசரும் தானா மாறிடுச்சு. காலைல ரிப்போர்ட் பக்கத்தைத் திறந்தா வெள்ளைவெளேர்னு நிக்குது. ஒரு எழுத்து இல்ல. வெளிய நாப்பது பேரு வெறும் வயித்தோட வந்து உக்காந்திருக்காங்க. பெரிய டாக்டர் என்னைப் பாத்த பார்வைல நான் எரிஞ்சு போகாததே பெருசு. நீங்கதான் குறுக்க வந்து நின்னீங்க... மறப்பேனா. அன்னிக்குத்தான் சொன்னேன், இனிமே எந்த மிஷினும் தன்னிஷ்டத்துக்கு எதையும் மாத்தக் கூடாது, மாசம் முதல் சனிக்கிழமை நானே ஒவ்வொண்ணா கையால பண்றேன்னு. நீங்களும் சரின்னீங்க.

இல்ல சார், வியாழக்கிழமை நடந்தது அந்த மாதிரி இல்ல. அன்னிக்கு தானா மாறினதால கெட்டுது. இந்த தடவை...

ஒண்ணுமில்ல. நீங்க சொல்லுங்க.

ம்... தெரியும் சார், எனக்குத் தெரியாதா. வைரஸ் பூந்து ரிசப்ஷன் மிஷின் பூட்டிக்கிச்சு, ரெண்டு நாள் புக்கிங் மொத்தமும் போச்சு. யாரு எத்தனை மணிக்கு வரணும், யாருக்கு எந்த ஸ்கேன், ஒண்ணும் தெரியல. வந்தவங்களைத் திருப்பி அனுப்பினோம்... ஆமா, அந்த அம்மா மயங்கி விழுந்தாங்க. நாந்தான் நாற்காலி கொண்டு வந்து போட்டேன். அவங்க கை ஜில்லுனு இருந்துச்சு. ராத்திரி பூரா பச்சத் தண்ணிகூட குடிக்காம வந்திருக்காங்க சார், நாம சொன்னோம்னு.

லெட்டரா?... என்கிட்டேருந்தா?... ம்... ரெண்டு வரி போதும்... சொல்லுங்க... 'மிஷின் ஒழுங்காத்தான் இருந்தது'... ம்... 'ரிசப்ஷன்ல இருக்கறவங்க கவனக்குறைவா ஒரு மெயிலைத் திறந்ததால'... ம்... கேக்குது, கேக்குது...

நாளைக்குப் பத்து மணிக்கா?... அதுக்குள்ள ரிசப்ஷன் பொண்ணை வேலையை விட்டு நிறுத்தற கடிதாசியும் ரெடியா... அவ வேலைக்குச் சேர்ந்தே எட்டு மாசந்தான் ஆகுது சார். இன்னும் நிரந்தரம்கூட ஆகல... அதனாலதான் சுலபமா? அதுவும் சரிதான். சுலபந்தான்.

இருங்க சார், இங்க ஒண்ணு கேக்குது... 'இப்பவே மறுபடி தொடங்கவா, அப்புறமா'ங்குது... இப்பவே. அமுக்கிட்டேன்... என்ன சத்தமா? இதோட ஃபேன்தான். கிளம்பற பஸ் மாதிரி கத்தும், கொஞ்ச நேரத்துல அடங்கிடும்.

சார், ஒண்ணு கேக்கட்டா. மெயிலைத் திறந்தது என்ன தப்பு?... இல்ல, கேக்கறேன். டாக்டருங்க சீட்டு எழுதி அனுப்பறது அந்த மெயில்லதான வருது. ஒரு நாளைக்கு நாப்பது அம்பது வரும். அதைத் திறக்கத்தான அவளை உக்கார வெச்சிருக்கோம். திறக்காம விட்டா அதுக்கு ஒரு மெமோ குடுத்திருப்போம்... ஆமா, போலி மெயில்தான். எனக்கே அசலாத்தான் தெரிஞ்சுது. லெட்டர்தாள்ல டாக்டர் பேரு, பதிவு எண்ணு, எல்லாம் இருந்துச்சு.

மாடியில இருக்கறவங்களும் அதே மெயிலைத் திறந்தாங்களே சார்... ஆமா, மூணு பேரு. ஒண்ணும் ஆகல... ஏன்னா அந்த மிஷின்ல எல்லாம் அப்டேட் பண்ணியிருந்துச்சு.

...

ஹலோ... இருக்கேன்.

ஆமா. நான் அப்படித்தான் சொன்னேன்.

கார்டுல இருக்கு சார். ரிசப்ஷன் மிஷின் பக்கவாட்டுல ஒட்டியிருக்கற மஞ்சக் கார்டுல, அப்டேட் பண்ணியாச்சுன்னு இந்த மாசம் ஒண்ணாந்தேதி போட்டு என் கையெழுத்து இருக்கு. இப்பவும் என் கண்ணு முன்னாடிதான் இருக்கு... கார்டுலதான் இருக்கு. மிஷின்ல இல்ல.

...நடந்ததை நடந்த மாதிரி சொல்றேன், கேளுங்க. நான் அப்டேட் பண்ணிட்டு கையெழுத்துப் போடறதில்ல. முதல்ல கையெழுத்து, அப்புறம்தான் வேலை... ஏன்னா ஒரு தடவை பெரிய டாக்டர் பதினோரு மணிக்கே ரவுண்ட்ஸ் வந்தார், பாதி கார்டு காலியா இருந்துச்சு, நடு ஹால்ல நிக்க வெச்சு கிழிச்சார். அன்னிலேருந்து சனிக்கிழமை வந்ததும் வராததுமா ஒரே மூச்சுல இருபத்திரெண்டு கார்டுலயும் கையெழுத்துப் போட்டுடுவேன். அப்புறம் சாவகாசமா ஒவ்வொண்ணா... ஆமா, தப்புதான். தெரியும். ஆனா ஒரு தடவைகூட விட்டதில்ல சார், அன்னிக்கு வரைக்கும்.

அன்னிக்கு ரிசப்ஷன்ல கூட்டம். டோக்கன் குடுத்துக்கிட்டு அவளால தலையைத் தூக்கவே முடியல. அவளே, 'சார், கொஞ்சம் ஒழிஞ்சதும் வாங்களேன்'னா. சரின்னு மாடிக்குப் போனேன். மாடி முடிஞ்சு இறங்கும்போது நாலு மணி. முதுகு விட்டுப் போச்சு. திங்கக்கிழமை பாத்துக்கலாம்னு வீட்டுக்குப் போயிட்டேன்... திங்கக்கிழமை பிரிண்டர் ரிப்பேர். செவ்வாக்கிழமை நெட் வரல. கார்டைப் பாத்தா கையெழுத்து இருக்கு, நானே பண்ணிட்டதா நெனச்சுட்டேன். என் கையெழுத்து என்னையே ஏமாத்திடுச்சு சார்.

இல்ல, அதோட முடியல.

அவ சொன்னா. ரெண்டு தடவை சொன்னா. 'சார், பிரவுசர் மூலையில அப்டேட்டுன்னு ஒரு அம்புக்குறி பச்சையா இருந்துச்சு, இப்ப சிவப்பா ஆயிடுச்சு, அமுக்கட்டுமா?'ன்னா... நான் என்ன சொன்னேனா? அதைத் தொட்டா கையை ஒடிச்சிடுவேன்னு சொன்னேன். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன், ஆனா சொன்னேன். நான் வர்றேன், நீ தொடாதன்னேன். எல்லா மிஷின்லயும் அப்படித்தான சீட்டு ஒட்டி வெச்சிருக்கேன், யாரும் தொடாதீங்க, என்னைக் கூப்பிடுங்கன்னு. அவ கூப்பிட்டா சார். நாந்தான் போகல. பத்தொம்பது நாள் அந்த அம்பு அங்கயே நின்னுச்சு. திருடன் வர்ற வழியை அடைக்கத்தான் அந்த அப்டேட்டே வந்துச்சு. மத்த இருபத்தோரு கதவையும் சாத்திட்டு வாசக்கதவை மட்டும் திறந்து போட்டுட்டுப் போயிருக்கேன்.

...

ம்... ம்... சொல்லுங்க மச்சான். இப்ப மச்சானாப் பேசறீங்கன்னு குரல்லயே தெரியுது.

தெரியும்... நீங்க சொல்லித்தான் எனக்கு இந்த வேலை கிடைச்சுது. அதை நான் ஒரு நாளும் மறந்ததில்ல... ஆமா, உங்க பேரும் கெடும்... ஆமா... பெரியவளுக்கு இன்னும் ரெண்டு வருஷம் காலேஜ் இருக்கு... எல்லாம் யோசிச்சேன் மச்சான். மூணு நாளா இதைத்தான் யோசிக்கறேன், வேற என்ன வேலை எனக்கு.

கார்டைக் கிழிச்சிடலாந்தான். கிழிக்க எவ்வளவு நேரம் ஆகும். யாரும் பாக்கல, இன்னிக்கு லீவு... இல்ல, கிழிக்க வேண்டியதே இல்லையே மச்சான், யோசிச்சுப் பாருங்க. கார்டு எனக்கு சாதகமாத்தான் இருக்கு. ஒண்ணாந்தேதி அப்டேட் ஆச்சுன்னு சொல்லுது. கார்டு அப்படியே இருந்தா நான் யோக்கியன், அவ கவனமில்லாதவ. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சொல்லுவாங்களே, இதுதான்.

...புரியுது. அவ சின்னப் பொண்ணு, வேற இடம் கிடைக்கும். எனக்கு இந்த வயசுல எவன் குடுப்பான். சரிதான்... ஆனா எந்த இடத்துலயும் முதல்ல கேப்பாங்கள்ல, பழைய இடத்தை ஏன் விட்டன்னு. அவ என்ன சொல்லுவா? நீங்க எழுதிக் குடுக்கற அந்த ரெண்டு வரியையா காட்டுவா?

இருங்க மச்சான், இன்னொண்ணும் இருக்கு. அதையும் கொட்டிடறேன். தலைக்கு மேல போன பிறகு சாண் என்ன முழம் என்ன.

ஆறு வருஷம் முன்னாடி வெள்ளையாப் போச்சே ரிப்போர்ட் பக்கம்... அந்த ரிப்போர்ட் சாஃப்ட்வேரைச் செஞ்ச கம்பெனிக்காரங்க ஒரே மாசத்துல சரி பண்ணிட்டாங்க. எனக்கு மெயில் போட்டாங்க. இனிமே பிரவுசர் தானா மாறினாலும் ஒண்ணும் ஆகாது, ஆட்டோமேட்டிக்லயே விடுங்க, அதுதான் பத்திரம்னு... ஆமா, எனக்கு மட்டுந்தான் வந்துச்சு... இல்ல, உங்ககிட்ட சொல்லல.

ஏன்னா... ஏன்னு எப்படிச் சொல்றது. மிஷின் தானா பண்ணிக்கிட்டா அப்புறம் நான் எதுக்கு? மாசத்துல ஒரு நாள் அந்த ஸ்டூலைத் தூக்கிட்டு ரூம் ரூமாப் போனா, டாக்டருங்ககூட எழுந்து சீட்டைக் குடுப்பாங்க. கம்ப்யூட்டர்காரர் வந்துட்டார், ஒதுங்குங்கன்னு. அந்த ஒரு நாள்தான் மச்சான் இந்தக் கட்டடத்துல என்னைத் தேடறாங்க. மத்த நாள் எல்லாம் பிரிண்டர்ல பேப்பர் மாட்டினாப் போதும்ங்கறாங்க. பயமா இருந்துச்சு. அவ்வளவுதான். வேற பெரிய காரணம் ஒண்ணும் இல்ல.

...திட்டுங்க. திட்ட வேண்டியதுதான்.

...ம்.

...ம்.

இல்ல, கையால பண்றதே தப்புன்னு நான் சொல்லல. கையால பண்றவன் பண்ணணும், அவ்வளவுதான். தானா ஆகறதும் கடவுள் இல்ல, என்னிக்காவது ஒரு நாள் மறுபடி வெள்ளையா நிக்கும். அதுக்கு ஒரு மிஷினை மட்டும் முன்னாடி விட்டுப் பாக்கலாம், அது நல்லா இருந்தா மத்தது பின்னாடி போகட்டும். இதெல்லாம் எனக்கு ஆறு வருஷமாத் தெரியும் மச்சான். தெரிஞ்சுதான் சும்மா இருந்தேன்... இப்ப பண்ணிக்கிட்டிருக்கறது அதுதான். காலைலேருந்து வெறும் அப்டேட்டா பண்றேன்னு நெனச்சீங்க? பதினாலு மிஷினையும் ஆட்டோமேட்டிக்குக்கு மாத்திட்டேன். ஒட்டின சீட்டை எல்லாம் கிழிச்சு எடுக்கறேன், அதுதான் நேரமாகுது. கோந்து நல்லா பிடிச்சிருக்கு.

லெட்டரா... எழுதிட்டேன்.

எழுதிட்டேன்னு சொல்றேன்ல. நீங்க சொன்ன ரெண்டு வரி இல்ல, கொஞ்சம் நீளம். கார்டு, கையெழுத்து, அவ ரெண்டு தடவை சொன்னது, அந்தக் கம்பெனி மெயில், எல்லாம் இருக்கு... உங்க பேரு எங்கயும் வரல. வராது... மேனேஜருக்கு இது எதுவும் தெரியாதுன்னு தனியா ஒரு வரி போட்டிருக்கேன். உண்மையும் அதுதான.

உங்க போன்ல இப்ப ஒரு சத்தம் வந்துச்சா?... அதான் அந்த லெட்டர்.

...பெரிய டாக்டருக்கும் போயிருக்கும். ரெண்டு பேருக்கும் ஒண்ணாத்தான் அனுப்பினேன்... திருப்பி வாங்கறதுக்கு அது என்ன கடையில வாங்கின சட்டையா மச்சான். போனது போனதுதான்.

கத்தாதீங்க. உங்களுக்கு பிரஷர்... சரி, கத்துங்க.

...

...

ஆமா... போகச் சொன்னா போறேன். பழைய கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்றவனுக்கு எங்கயாவது ஒரு மூலை இல்லாமலா போகும். இல்லேன்னா இல்ல. அசதியா இருக்கு மச்சான். வேலை செஞ்ச அசதி இல்ல இது. வெள்ளிக்கிழமை காலைல அவளைக் கூப்பிட்டு உக்கார வெச்சு நீங்க விசாரிச்சீங்களே, நான் கதவுகிட்டதான் நின்னேன். அவ என்னைப் பாத்தா. ஏதாவது சொல்லுவேன்னு பாத்தா. நான் குனிஞ்சு பிரிண்டர் ஒயரை சரி பண்ணேன். அந்த ஒயருக்கு ஒண்ணுமே இல்ல.

உங்க தங்கச்சிக்கா? தெரியும். காலைல கிளம்பும்போது செருப்பு மாட்டிக்கிட்டே சொல்லிட்டேன்... அழல. திட்டவும் இல்ல. டப்பாவை மூடிக்கிட்டே இருந்தா. 'அந்தப் பொண்ணுகிட்ட பேசிட்டீங்களா?'ன்னு கேட்டா. அது ஒண்ணுதான் கேட்டா.

...இல்ல மச்சான். பேசல. டாக்டருக்கு எழுத முடிஞ்சுது, உங்ககிட்ட சொல்ல முடிஞ்சுது, அவகிட்டதான் முடியல. அவ போன் பண்ணா எடுக்கல. அப்புறம் மெசேஜ் போட ஆரம்பிச்சா. பதினோரு மெசேஜ். நான் ஒண்ணுக்கும் பதில் போடல.

என்னவா?... எல்லாம் ஒண்ணுதான். வார்த்தைதான் முன்ன பின்ன இருக்கும். இருங்க, படிக்கறேன்... 'சார், நீங்க சொன்ன மாதிரி நான் அந்த அம்பைத் தொடவே இல்ல சார். நீங்களாவது மேனேஜர் சார்கிட்ட சொல்லுங்க.' ... இது நேத்து சாயங்காலம் வந்தது.

தொட்டிருந்தா தப்பிச்சிருப்பா மச்சான். என் பேச்சைக் கேட்டதுதான் அவ பண்ண ஒரே தப்பு. அதை நான் அவகிட்ட சொல்லணும்.

...ம்... சரி... அப்புறம் பேசலாம். நீங்களும் கொஞ்சம் உக்காருங்க, தண்ணி குடிங்க... இல்ல, அவளுக்கு இப்பவே போன் பண்ணிடறேன். தள்ளிப் போட்டா மறுபடி திங்கக்கிழமைன்னு ஆயிடும். வெச்சிடறேன்.